லீஸ் வீட்டு வாசல்ல பேங்க் நோட்டீஸ் ஒட்டினா உள்ள இருக்கறவங்க யார்கிட்ட போவாங்க

கடன் கட்டாததால அடமான சொத்த பேங்க் தன் வசம் எடுத்துக்கிச்சுன்னு பேப்பர்ல உள்பக்கத்துல கட்டம் கட்டி "சுவாதீன அறிவிப்பு"ன்னு வரும் பாருங்க, அத பெரும்பாலும் யாரும் படிக்கறதில்ல. கடன் வாங்கினவர் பேரு, ஜாமீன் போட்டவர் பேரு, பாக்கி எவ்வளவு, சர்வே நம்பர், நாலு பக்கமும் என்ன எல்லை, எல்லாம் பொடி எழுத்துல இருக்கும். கடைசில, கடன்தாரருக்கும் பொதுமக்களுக்கும் எச்சரிக்கை, இந்த சொத்து விஷயமா யாரும் எந்த கொடுக்கல் வாங்கலும் வச்சுக்கக் கூடாதுன்னு ஒரு வரி வரும். அந்த வீட்டுக்குள்ள இப்போ யாரு குடியிருக்காங்க, அவங்க ஓனருக்கு எத்தனை லட்சம் குடுத்திருக்காங்க, இதுல எதுவும் அந்தக் கட்டத்துக்குள்ள வராது. கடன் வாங்காத, டியூ தவறாத ஒரு குடும்பம் அந்த "பொதுமக்கள்"ங்கற வார்த்தைக்குள்ள அடங்கிப் போயிடுது. எனக்கு இத நெனச்சா கோவம்தான் வருது.

எங்க பெரியம்மா பொண்ணு ஆவடி பக்கம் லீஸுக்கு இருந்தா. ஒம்பது லட்சம், மூணு வருஷம், மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது ஒம்பது லட்சத்த ஓனர் திருப்பித் தரணும். மாமாவுக்கு பழைய கம்பெனில வந்த செட்டில்மெண்ட் பணம், அதுக்கு மேல அக்காவோட நகை கொஞ்சம் வித்தது, அவ்வளவுதான் அவங்க சேமிப்பே. நூறு ரூபா பத்திரத்துல எழுதி நோட்டரி கிட்ட சீல் வாங்கினாங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, புரோக்கரும் இது போதும்னுதான் சொன்னாரு. அடுத்த வருஷம் ஒரு நாள் பகல்ல ரெண்டு பேர் வந்து கேட்ல ஒரு பேப்பர ஒட்டி, அத போன்ல போட்டோ எடுத்துட்டு கெளம்பறாங்க. அக்கா ஓடிப் போய் என்ன சார் இதுன்னு கேட்டா, "நீங்க யாரும்மா, ஓனர் இல்லையா? அப்ப உங்க ஓனர்கிட்ட பேசுங்க, எங்களுக்கும் உங்களுக்கும் ஒண்ணும் இல்ல"ன்னு பதில். ஓனருக்கு போன் போட்டா, "அது சும்மா பேங்க் ஃபார்மாலிட்டிம்மா, ஒரு டியூ லேட்டாயிடுச்சு, நான் பாத்துக்கறேன்"னு சொல்றாரு. சில மாசம் கழிச்சு அந்த நம்பரே உபயோகத்துல இல்ல. அதுக்கப்புறம் கோர்ட் நியமிச்ச வக்கீல், அதான் அட்வகேட் கமிஷனர், பேங்க் ஆளுங்க, போலீஸ் எல்லாரும் சேர்ந்து வந்தாங்க. பொண்ணுக்கு பரீட்சை நடக்குது, அது முடியற வரைக்கும் டைம் குடுங்கன்னு கெஞ்சி கொஞ்சம் நாள் வாங்கினாங்க, அப்புறம் காலி பண்ணிட்டாங்க. ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர்ம்மா"ன்னு சொல்லி ரொம்ப நேரம் உக்கார வச்சு கடைசில புகார் வாங்கினதுக்கு ரசீது மாதிரி ஒரு சிஎஸ்ஆர் போட்டுக் குடுத்தாங்க. ஒம்பது லட்சத்துல ஒரு ரூபா இன்னும் வரல.

இது அபூர்வமா நடக்கற ஒண்ணு இல்ல, அதனாலதான் எழுதறேன். சென்னைல லீஸுங்கறாங்க, மதுரை திருநெல்வேலி பக்கம் ஒத்திங்கறாங்க, சில ஊர்ல போக்கியம்னு சொல்வாங்க, ஊருக்கு ஊர் பேரும் பழக்கமும் கொஞ்சம் மாறும், ஆனா அடிப்படை ஒண்ணுதான், மொத்தமா ஒரு தொகையக் குடுத்துட்டு வாடகை இல்லாம இருந்துக்கறது. மாச சம்பளத்துல வாடகைன்னு பத்தாயிரம் பதினஞ்சாயிரம் போகாதுங்கறதால நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி. ஆனா இந்தப் பக்கத்துல நின்னு யோசிச்சா மட்டும் போதாது, ஓனர் பக்கமும் பாக்கணும். மாசா மாசம் வாடகை வர்றத விட்டுட்டு ஒருத்தர் எதுக்கு மொத்தமா பணம் கேக்கறாரு? பொண்ணு கல்யாணமா இருக்கலாம், இன்னொரு மனை வாங்கறதா இருக்கலாம், அதெல்லாம் நியாயமான காரணம்தான். ஆனா ஏற்கனவே ஹோம் லோன்லயோ பிசினஸ் லோன்லயோ மூச்சு முட்டி நிக்கற ஆளுக்கும் உடனே கைக்கு மொத்தப் பணம் வர்ற வழி இதுதான். வீடு பேங்க்ல அடமானத்துல இருக்கு, இன்னொரு லோன் எந்த பேங்க்கும் தராது, அப்ப குடிவர்றவங்க பணம்தான் அவருக்கு கடைசிக் கடன். அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது, சொத்து மேல பிடியும் கிடையாது. அதாவது கடன் தொல்லைல இருக்கற வீடுதான் லீஸ் சந்தைக்கு வர்றதுக்கு வாய்ப்பு அதிகம், அதுவும் பக்கத்துத் தெருல பத்து லட்சம் கேக்கற வீட்டுக்கு இங்க ஏழு லட்சம் போதும், ஆனா இந்த வாரமே வேணும்னு கேட்டா அங்க நின்னு ரெண்டு தடவ விசாரிக்கணும்.

சட்டம் எப்படி நகருதுன்னு சொல்றேன், ஏன்னா எந்த இடத்துலயும் குடியிருக்கறவங்க கண்ணுக்குத் தெரியறதில்லங்கறது அப்பதான் புரியும். 2002ல வந்த சர்ஃபேசி சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் அடமான சொத்த எடுத்து வித்துக்கலாம்னு அனுமதிச்சது. தவணை 90 நாளுக்கு மேல நிலுவைல போனா அது வாராக்கடன். அப்புறம் அந்தச் சட்டத்தோட 13(2) பிரிவுல ஒரு நோட்டீஸ், 60 நாளுக்குள்ள முழுப் பாக்கியும் கட்டுன்னு. அது ஓனர் வீட்டு அட்ரஸுக்குப் போகும், ஜாமீன்தாரருக்குப் போகும். குடியிருக்கறவங்களுக்கு அனுப்பணும்னு சட்டத்துல இல்ல. 60 நாள் முடிஞ்சா சுவாதீன அறிவிப்ப சொத்து மேல ஒட்டி, 7 நாளுக்குள்ள ரெண்டு பேப்பர்ல, அதுல ஒண்ணு தமிழ்ப் பேப்பர்ல, போடணும். நெறைய குடும்பத்துக்கு விஷயம் தெரியவர்றதே கதவுல ஒட்டின இந்தக் காகிதத்துலதான். இது பேப்பர் அளவுல எடுத்துக்கற சுவாதீனம். ஆள வெளிய அனுப்பி பூட்டுப் போடணும்னா, ஆளு தானா போகலன்னா, 14ஆம் பிரிவுல சென்னை மாதிரி ஊர்ல தலைமை மாஜிஸ்ட்ரேட் கிட்டயும் மத்த இடத்துல கலெக்டர் கிட்டயும் பேங்க் மனு போடும், அவங்க 30 நாளுக்குள்ள, காரணம் எழுதி வச்சா மொத்தம் 60 நாளுக்குள்ள, உத்தரவு போடணும்.

அந்த 14ஆம் பிரிவு மனுவோட பேங்க் அதிகாரி ஒரு பிரமாணப் பத்திரம் குடுக்கணும். அதுல ஒன்பது விஷயத்த உறுதி பண்ணி சொல்லணும்னு 2013ல சட்டத்துலயே சேத்தாங்க. மொத்தக் கடன் எவ்வளவு, கடன்தாரர் அடமானம் குடுத்தாரா, எந்தெந்த சொத்து, தவணை தவறினாரா, வாராக்கடன்னு வகைப்படுத்தியாச்சா, 60 நாள் நோட்டீஸ் குடுத்தாச்சா, ஆட்சேபனை வந்திருந்தா பதில் சொல்லியாச்சா, அதுக்கப்புறமும் கட்டலையா, சட்ட விதிகளப் பின்பற்றியாச்சா. எல்லாமே பேங்க்குக்கும் கடன்தாரருக்கும் நடுவுல உள்ளது. இந்த வீட்டுல யாராவது குடியிருக்காங்களா, அவங்களுக்கு சொல்லியாச்சாங்கற கேள்வி அந்த ஒன்பதுல ஒண்ணு கூட இல்ல. மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வர்ற காகிதத்துல அந்தக் குடும்பமே இல்ல.

சுப்ரீம் கோர்ட் இதப் பாக்காம இல்ல. 2014ல ஹர்ஷத் கோவர்தன் சொண்டகர் வழக்குல, அடமானத்துக்கு முன்னாடியே முறையா குடிவந்தவரையும், அடமானத்துக்கு அப்புறம்னாலும், அடமானம் வச்ச ஓனர் எப்படி வாடகைக்கு விடலாம்னு சொல்ற சொத்துரிமை மாற்றுச் சட்டம் 65ஏ பிரிவுப்படி சரியா குடிவந்தவரையும், அந்த லீஸ் சட்டப்படி முடியற வரைக்கும் வெளிய அனுப்ப முடியாதுன்னு சொன்னாங்க, உத்தரவு போடறதுக்கு முன்னாடி அவர் தரப்ப மாஜிஸ்ட்ரேட் கேக்கணும்னும் சொன்னாங்க. 2016 ஜனவரில விஷால் கல்சாரியா வழக்கு, அதுல இன்னும் ஒரு படி மேல போய், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடுத்த பாதுகாப்ப சர்ஃபேசியால தட்டிப் பறிக்க முடியாதுன்னாங்க. படிச்சா நெஞ்சு நிறையும். ஆனா 2019ல பஜ்ரங் ஷ்யாம்சுந்தர் அகர்வால் வழக்குல கதவு பாதி சாத்திடுச்சு. வாய்மொழியாவோ பதிவு செய்யாத பத்திரத்த வச்சோ குடியிருக்கறேன்னு சொல்றவர், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 107ஆம் பிரிவுல சொல்ற காலத்துக்கு மேல, அதாவது ஒரு வருஷத்துக்கு மேல, உரிமை கோர முடியாதுன்னு ஆச்சு. அக்கா வச்சிருந்தது மூணு வருஷ லீஸ், நோட்டரி சீல் போட்ட நூறு ரூபா பத்திரம். ஒரு வருஷத்துக்கு மேல உள்ள லீஸ் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிவு பண்ணாத்தான் செல்லும், நோட்டரி சீலால அத ஈடு கட்ட முடியாது. நம்ம ஊர்ல எத்தனை வீட்டு பீரோல இந்த மாதிரி பத்திரம் இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

2016ல சர்ஃபேசி சட்டத்தையே திருத்தி 17(4ஏ)ன்னு ஒரு பிரிவு கொண்டுவந்தாங்க, செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி குடியிருக்கறவர் கடன் மீட்புத் தீர்ப்பாயம், அதான் டிஆர்டி, அதுக்குப் போக சரியான வழியே இல்லாம இருந்தது, இப்ப போகலாம், அதுவரைக்கும் நல்லதுதான். ஆனா தீர்ப்பாயம் என்ன பாக்கணும்னு அதே பிரிவு சொல்லுது. லீஸ் காலம் முடிஞ்சிருச்சா, 65ஏ பிரிவுக்கு விரோதமா இருக்கா, 13(2) நோட்டீஸ் வந்ததுக்கு அப்புறம் உருவாச்சா, இது மூணும் நியாயமான கேள்வி. இன்னொண்ணு இருக்கு பாருங்க, அடமானப் பத்திரத்தோட நிபந்தனைக்கு விரோதமா இருக்கா? பேங்க் அடமானப் பத்திரத்துல எங்க எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம வாடகைக்கு விடக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை அச்சடிச்சே வர்றது வழக்கம். அந்தப் பத்திரம் ஓனருக்கும் பேங்க்குக்கும் நடுவுல எழுதினது. குடிவர்றவர் அத பாத்ததில்ல, கையெழுத்துப் போட்டதில்ல, கேட்டாலும் யாரும் காட்ட மாட்டாங்க. ஓனர் அந்த நிபந்தனைய மீறினாருங்கறதுக்காக, அந்த நிபந்தனை இருக்கறதே தெரியாத குடும்பம் உரிமைய இழக்குது. என் மொத்த ஆதங்கமும் இங்கதான் இருக்கு. தப்பு பண்ணினது ஒருத்தர், தப்பு நடக்காம பாத்துக்க வசதி இருந்தது பேங்க்குக்கு, வருஷத்துக்கு ஒரு தடவ ஆள் அனுப்பி யாரு குடியிருக்கான்னு பாக்கறதுக்கு அவங்களுக்கு என்ன கஷ்டம், ஆனா நஷ்டம் மட்டும் மூணாவது ஆளுக்கு.

வேற நாடுகள்ல என்ன பண்ணாங்கன்னு தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல 2008 நெருக்கடில வீடுகள் கொத்துக் கொத்தா பேங்க் கைக்குப் போனப்ப, சிகாகோ இருக்கற குக் கவுண்டியோட ஷெரிஃப், அதாவது அந்த மாவட்டத்துப் போலீஸ் தலைவர் மாதிரி, டாம் டார்ட், அந்த வருஷம் அக்டோபர்ல, இனி இந்த மாதிரி வெளியேத்தற வேலைக்கு என் ஆளுங்கள அனுப்ப மாட்டேன்னு நிறுத்தினாரு. காரணம், ஒழுங்கா வாடகை கட்டிட்டு இருந்தவங்க, ஓனர் லோன் கட்டலங்கறதே தெரியாம, போலீஸ் கதவத் தட்டறப்பதான் தெரிஞ்சுக்கறாங்கங்கறது. அடுத்த வருஷம் 2009 மே மாசம் நாடு முழுக்க சட்டமே வந்தது. வீட்ட ஏலத்துல எடுத்தவர், பேங்க்கே எடுத்திருந்தாலும், உண்மையான வாடகைதாரருக்கு கொறஞ்சது 90 நாள் நோட்டீஸ் குடுக்கணும், ஒப்பந்தக் காலம் பாக்கி இருந்தா அது முடியற வரைக்கும் இருக்க விடணும், வாங்கினவர் தானே குடிவர்றதா இருந்தா மட்டும் 90 நாள்ல முடிச்சுக்கலாம். பேங்க்க ஏமாத்த யாரும் பொய்யா வாடகைதாரர உருவாக்கக் கூடாதுங்கறதுக்கு அவங்களும் கட்டுப்பாடு வச்சிருக்காங்க, கடன்தாரரோட புருஷன் பொண்டாட்டி பிள்ளை அப்பா அம்மா வாடகைதாரர்னு சொல்லிக்க முடியாது, வாடகை சந்தை விலையவிட ரொம்பக் கொறச்சலா இருக்கக் கூடாது. 2014 கடைசில அந்தச் சட்டம் காலாவதியாச்சு, 2018ல திரும்பக் கொண்டுவந்து நிரந்தரமாக்கினாங்க. நம்ம ஊர்லயும் பேங்க்காரங்க சொல்ற முதல் வாதம் "பொய் வாடகைதாரர்"தான், அதுல உண்மையும் இருக்கு, ஏலத்தத் தள்ளிப்போட மச்சானுக்கு லீஸ் எழுதிக் குடுத்த ஓனருங்க நிஜமாவே உண்டு. ஆனா பொய் ஆள வடிகட்ட வழி இருக்குங்கறதுக்கு இந்தச் சட்டமே சாட்சி.

அமெரிக்க சட்டம் குடியிருக்கற நாளக் காப்பாத்துது. நம்ம பிரச்சனை அதவிடப் பெருசு, நமக்கு குடுத்த லட்சங்களும் போகுது. அதுக்கு கொரியாவத்தான் பாக்கணும். தென் கொரியாவுல ஜொன்சேன்னு ஒரு முறை இருக்கு, அச்சு அசல் நம்ம லீஸ்தான், பெரிய தொகைய மொத்தமா குடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருந்துட்டு காலி பண்ணும்போது திரும்ப வாங்கிக்கறது. அவங்க 1981லயே வீட்டு வாடகைப் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. குடிவந்து, அந்தப் பகுதி அரசு ஆபீஸ்ல குடியேறினத பதிவு பண்ணி, ஒப்பந்தத்துல தேதி முத்திரை வாங்கிட்டா போதும், பின்னால வீடு ஏலத்துக்குப் போனா, ஏலப் பணத்துல அந்த தேதி வரிசைப்படி வாடகைதாரரோட டெபாசிட்டுக்கும் இடம் உண்டு. சின்ன டெபாசிட் குடுத்தவங்களுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் பேங்க்குக்கும் முன்னாடியே கொடுப்பாங்க. முன்ன பின்ன தெரியாத சாதாரண ஜனம் போய் ஒரு முத்திரை வாங்கினா அடமானக்காரனோட ஒரே வரிசைல நிக்க முடியும்ங்கறது சாதாரண விஷயமா? ஓட்டையும் இருக்கு, குடியேறினதோட உரிமை மறுநாள்லேர்ந்துதான் ஆரம்பிக்குது, அதனால குடிவந்த அதே நாள்ல ஓனர் போய் அடமானம் பதிஞ்சா பேங்க் முந்திக்கும். இதையும் வேற வழிகளையும் வச்சு பெரிய மோசடிகள் நடந்து, இஞ்சியோன் நகரத்துல இளம் வயசுக்காரங்க உயிரயே விட்டு, 2023 ஜூன்ல பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு தனிச் சட்டம் கொண்டுவந்தாங்க. ஆனா பிரச்சனைய தனிப்பட்ட ஆளோட ஏமாளித்தனம்னு ஒதுக்காம நாட்டுப் பிரச்சனையா எடுத்தாங்கல்ல, நான் அதத்தான் பாக்கறேன்.

இங்க, இப்போதைக்கு, லீஸுக்குப் போறவங்க நாம நம்மளக் காப்பாத்திக்க செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. பணம் கைமாறறதுக்கு முன்னாடி ஈசி போட்டுப் பாருங்க, வில்லங்கச் சான்றிதழ், பதிவுத்துறை இணையதளத்துலயே பாக்கலாம். தமிழ்நாட்டுல பேங்க்காரங்க பத்திரத்த வாங்கி வச்சுக்கிட்டு அதுக்கான எம்ஓடிய, அதாவது பத்திரத்த அடமானமா ஒப்படைச்சதுக்கான குறிப்ப, பதிவு பண்றது வழக்கம், அதனால அடமானம் இருந்தா பெரும்பாலும் அதுல வரும், கடன முடிச்சிருந்தா ரசீதும் பதிவாகியிருக்கும். அதுல இல்லன்னா கூட செர்சாய்னு மத்திய பதிவேடு ஒண்ணு இருக்கு, சின்னக் கட்டணம் கட்டி யார் வேணா தேடலாம். ஓனர்கிட்ட ஒரிஜினல் தாய்ப்பத்திரத்தையும் கிரயப் பத்திரத்தையும் கண்ணால காட்டச் சொல்லுங்க, ஜெராக்ஸ்தான் இருக்குன்னா ஒரிஜினல் எங்கன்னு கேளுங்க, கேக்கறதுக்கு சங்கடப்பட வேண்டாம், லட்சக்கணக்குல குடுக்கறது நாம. லோன் இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டா, லீஸுக்கு விட சம்மதம்னு பேங்க் எழுதித் தந்த லெட்டர் வேணும். அது வரலன்னா அந்த வீட்ட விட்டுடுங்க, எவ்வளவு நல்ல வீடா இருந்தாலும் சரி. பணத்த பேங்க் மூலமா மட்டும் குடுங்க. பத்திரத்த சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிவு பண்ணுங்க, செலவு ஆகும், ஓனர் மூஞ்சி சுளிப்பாரு, இருந்தாலும் பதிவு பண்ணின ஒத்திப் பத்திரம்னா அது ஈசில ஏறும், அப்புறம் கடன் குடுக்க வர்ற பேங்க் கண்ணுல படும், ஏலத்துக்கு அப்புறம் மீதிப் பணம் இருந்தா அதுல உரிமை கேக்க ஒரு பிடியும் கிடைக்கும். மாச வாடகைக்கு இருக்கறவங்களும் 2019 பிப்ரவரில அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்த வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணி நம்பர் வாங்கி வைக்கணும், பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்ப கிடையாது.

நோட்டீஸ் ஏற்கனவே ஒட்டிட்டாங்கன்னா ஓனர் "நான் பாத்துக்கறேன்"னு சொல்றத நம்பி நாள் கடத்தாதீங்க. அந்த நோட்டீஸ போட்டோ எடுங்க, தேதிய குறிச்சுக்கோங்க, ஏன்னா டிஆர்டிக்குப் போக 45 நாள்தான், சென்னை, கோயம்புத்தூர், மதுரைல தீர்ப்பாயம் இருக்கு. நான் இந்த தேதிலேர்ந்து குடியிருக்கேன், இவ்வளவு குடுத்திருக்கேன், இதோ பத்திரம், இதோ கரண்ட் பில், இதோ கேஸ் புக்குன்னு பேங்க்கோட அதிகாரம் பெற்ற அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்ல எழுதிப் போடுங்க, அப்பதான் அந்தக் குடும்பம் முதல் தடவையா அவங்க ஃபைலுக்குள்ள வரும். உள்ளூர் சிவில் கோர்ட்ல ஸ்டே வாங்கிடலாம்னு யாராவது சொன்னா யோசிங்க, சர்ஃபேசி சட்டத்தோட 34ஆம் பிரிவு அத தடுக்குது. வசூல் ஏஜெண்ட் வந்து சாவியக் குடுன்னு மிரட்டினா 14ஆம் பிரிவு உத்தரவக் காட்டச் சொல்லுங்க.

ஆனா இத்தனையையும் ஒரு சாதாரண குடும்பம் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு எதிர்பாக்கறது அநியாயம். அந்த ஒன்பது உறுதிமொழியோட பத்தாவதா, சொத்துல யாரு குடியிருக்காங்கன்னு நேர்ல விசாரிச்சோம், அவங்க பேருக்கு நோட்டீஸ் குடுத்தோம்னு ஒண்ணு சேக்க பார்லிமெண்ட்டுக்கு ஒரு சின்னத் திருத்தம் போதும். 13(2) நோட்டீஸோட ஒரு நகல் "குடியிருப்பவர்"னு போட்டு வீட்டு வாசலுக்கும் போகட்டும், தபால் செலவு எவ்வளவு ஆயிடும். ஓனரோட சொந்தக்காரர் இல்லாத, பணம் குடுத்ததுக்கு பேங்க் கணக்குல சாட்சி இருக்கற குடும்பத்துக்கு 90 நாள், நடுவுல பள்ளிக்கூட வருஷம் இருந்தா அது முடியற வரைக்கும். அப்புறம் லீஸ் பணம், இதத்தான் எம்எல்ஏ எம்பிக்கு எழுதறவங்க முதல்ல எழுதணும்னு நான் கேக்கறேன். ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும், நாலு லட்சமோ அஞ்சு லட்சமோ அரசாங்கம் முடிவு பண்ணட்டும், ஏலப் பணத்துலேர்ந்து குடியிருந்தவங்களுக்குப் போயிட்டு மீதிதான் பேங்க்குக்குப் போகணும். அந்த நஷ்டம் தன் தலைல விழும்னு தெரிஞ்சா, லோன் குடுத்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு பேங்க்கே வந்து கேக்கும்.